வலது பக்க ஸ்டாண்ட்

பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவருடைய தொழில். வீட்டின் பின்னறையில் மேசை, மெழுகு, சின்னச் சின்னக் கத்திகள் என்று இருபத்தைந்து வருஷம் குனிந்தே உட்கார்ந்திருந்தவர். தெருவில் எல்லோருக்கும் அவர் பல்செட்காரர். ஒரு பல் அரை நூல் உயர்ந்தாலும் கிழவர்கள் சாப்பிட முடியாமல் திரும்பி வந்துவிடுவார்கள் என்பதால் அளவு பிசகாத மனுஷர். அப்படிப்பட்டவர் ஐம்பத்திரண்டாம் வயதில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு வந்து நின்றபோது அவர் மனைவிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

இரண்டே கதவு. வெளிறிப்போன சிவப்பு. தரைக்கும் அதன் வயிற்றுக்கும் நடுவே அரைச் சாண் இருந்தால் அதிகம்.

"இதுல உக்காரணுமா, படுக்கணுமா?" என்று கேட்டாள். "ஏறும்போது நீங்க வண்டிக்குள்ள போறீங்களா, வண்டி உங்க மேல வருதான்னே தெரியலையே."

அவளுடைய தம்பிதான் காரைப் பார்த்ததும் குழந்தை மாதிரி தரையில் படுத்து அடியில் எட்டிப் பார்த்தவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். பதினாறு வருஷமாக உயரமான கட்டடங்களின் லிஃப்ட் குழிகளில் இறங்கி ஏறுகிறவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவன் குடியிருந்த கட்டடத்தில் மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. "ஊருக்கெல்லாம் லிஃப்ட் பாக்கறவன் வீட்டுக்குப் படியேறிப் போறேன், அத்தான். வைத்தியருக்குத்தான் வயித்துவலி வரும்" என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை எட்டு மணிக்கு வந்துவிடுவான். வீட்டை ஒட்டிய கார் ஷெட்டில் இரண்டு பேரும் மத்தியானம் வரை கிடப்பார்கள். காரைத் தூக்குவதே ஒரு பெரிய காரியம். வழக்கமான ஜாக் அதன் அடியில் நுழையாது. முதலில் இரண்டு தடித்த பலகைகளைத் தரையில் போட்டு, முன்சக்கரங்களை அதன்மேல் ஏற்ற வேண்டும். அப்போதுதான் சக்கரம் வைத்த தட்டை ஜாக் முன்பக்கமாக உள்ளே போகும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, நடுவில் குறுக்கே போகும் கனத்த இரும்பில் ஜாக்கைக் கொடுத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் கெட்டியான இடம் பார்த்து, முட்டுக்கொடுக்கும் இரும்பு ஸ்டாண்ட் வைத்து, காரை ஸ்டாண்டுகளின் மேல் இறக்க வேண்டும். மைத்துனன் இதில் ஒரு படியைக்கூடத் தாண்ட விடமாட்டான். எல்லாம் முடிந்ததும் காரின் முன்பக்கத்தைத் தோளால் முட்டித் தள்ளிப் பார்ப்பான். அசையவில்லை என்றால்தான் அடியில் போவான். கழற்றிய சக்கரத்தைக்கூட ஓரமாக வைக்காமல் காரின் விளிம்புக்கு அடியில் படுக்கப் போட்டு வைப்பான்.

"ஜாக் தூக்கறதுக்கு, அத்தான். தாங்கறதுக்கு இல்ல" என்பான். "தூக்கி விடறவனும் தாங்கறவனும் ஒரே ஆளா இருக்கணும்னு அவசியம் இல்ல."

பல்செட்காரருக்கு இந்தப் பதனம் சில சமயம் எரிச்சலாகவும் இருக்கும். மேசையில் அத்தனை பொறுமையாக இருப்பவருக்கு ஷெட்டுக்குள் வந்தால் கை பரபரக்கும்.

அந்த ஞாயிறு புகைக்குழாயைத் தாங்கும் ஒரு போல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. கார் இரண்டு ஸ்டாண்டுகளில் நின்றது. வலது முன்சக்கரம் கழற்றப்பட்டு விளிம்புக்கு அடியில் கிடந்தது. துருப்பிடித்த போல்ட் வலது பக்கம் இருந்தது. நீளமான ஸ்பானரைக் கொடுத்தால் அது ஸ்டாண்டின் காலில் இடித்தது.

"ஸ்டாண்டை ஒரு சாண் பின்னாடி தள்ளணும்" என்றான் மைத்துனன். அப்போது அவன் போன் அடித்தது. கம்பெனியிலிருந்து. எங்கோ ஒரு கட்டடத்தில், ஒரு பீரோவோடு இரண்டு பேர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள். பக்கத்தில் வேறு மெக்கானிக் யாரும் இல்லாததால் அங்கிருந்த காவலாளிக்கு அவன் போனிலேயே வழி சொல்ல வேண்டும். சிக்னல் கிடைக்காமல் தெருவுக்குப் போய்விட்டான்.

பல்செட்காரர் ஐந்து நிமிஷம் காத்திருந்தார். பிறகு தானே ஜாக்கை அடித்துக் காரைச் சற்றுத் தூக்கி, வலது ஸ்டாண்டை வெளியே எடுத்தார். ஒரு சாண் பின்னால் வைத்துப் பார்த்தார். அந்த இடத்தில் தகடு துருவேறிப் பொரிந்திருந்தது. ஸ்டாண்டின் தலை சரியாக உட்காரவில்லை. வேறு இடம் தேடுவதற்காக அதை உருவித் தனக்குப் பின்னால் வைத்தார். அப்போது மைத்துனன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"அந்த பீரோக்காரன் என்ன சொல்றான் தெரியுமா அத்தான்? 'எங்களை அப்புறமா எடுங்க, முதல்ல பீரோவை எடுங்க'ன்றான். உள்ள இருக்கறவனே பீரோவைத் தள்ளினாத்தானே கதவு தொறக்கும்!"

பல்செட்காரரும் சிரித்தார். மைத்துனன் சிரித்தபடியே, அடியில் உருண்டு போவதற்கான சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து, காலால் உந்தினான்.

"எல்லாம் அப்படியேதானே இருக்கு?"

"ஆமா" என்றார் பல்செட்காரர்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவரால் பிறகு எத்தனையோ நாள் யோசித்தும் சரியான பதில் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு போல்ட்தானே, இரண்டு நிமிஷம்தானே என்று தோன்றியிருக்கலாம். சொன்னால் அவன் வெளியே வந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிப்பான் என்ற சலிப்பாக இருக்கலாம். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவன் ஸ்பானரைப் போட்டு இழுத்துவிட்டான்.

போல்ட் அசையவில்லை. கார் அசைந்தது. ஜாக்கின் சின்னச் சக்கரங்கள் சிமெண்டில் ஒரு முறை உருண்டன. வலது பக்கம் இறங்கியது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஒரு கனத்த கதவைச் சாத்துகிற மாதிரிதான் இருந்தது.

அதன் பிறகு அவர் செய்ததில் ஒரு பிழையும் கிடையாது. காரைக் கையால் தூக்கப் பார்க்கவில்லை. ஓடவில்லை. மனைவியைக் கூப்பிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யச் சொன்னார். ஜாக்கை இழுத்து, கெட்டியான இடத்தில் கொடுத்து, மெதுவாக அடித்து அடித்துத் தூக்கினார். ஒவ்வொரு அடிக்கும் கீழே பார்த்தார். போதுமான உயரம் வந்ததும் வலது ஸ்டாண்டைப் பழைய இடத்திலேயே வைத்து, காரை அதன்மேல் இறக்கினார். அதற்குப் பிறகுதான் மைத்துனனின் கையைத் தொட்டார். கை சூடாக இருந்தது.

போன் பேசிக்கொண்டே ஓடி வந்த மனைவி பார்த்தது, ஸ்டாண்ட் இருந்த இடத்தில் ஸ்டாண்ட் இருந்ததைத்தான்.

"ஸ்டாண்ட் வழுக்கிடுச்சு போல" என்று ஆம்புலன்ஸ்காரர்களிடம் சொன்னவள் அவள்தான். அவர் மறுக்கவில்லை.

விளிம்புக்கு அடியில் கிடந்த அந்தச் சக்கரம்தான் உயிரைக் காப்பாற்றியது என்றார் அறுவை மருத்துவர். காரால் அதற்குக் கீழே இறங்க முடியவில்லை. ஆனால் இடுப்பெலும்பு மூன்று இடத்தில் நொறுங்கியிருந்தது. ஐந்தாம் நாள் வலது காலைத் தொடையோடு எடுத்தார்கள். இடது காலுக்கு உணர்ச்சி பாதிதான் திரும்பியது.

பதினோராம் நாள் அவன் தெளிவாகப் பேசினான். அக்கா ஒரு பக்கம், அத்தான் ஒரு பக்கம் நின்றார்கள்.

"போன் பேச வெளிய போனது ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல" என்றான். "நான்தான் சரியா வெக்கல போல, இல்லையா அத்தான்?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பல்செட்காரர் அவன் போர்வையை இழுத்துச் சரி செய்தார்.

"இப்ப எதுக்கு அதெல்லாம்" என்றார்.

விபத்துக்குப் பிறகு அவர் சொன்ன பொய் அவ்வளவுதான். அதன் பிறகு பொய் சொல்ல வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை. மற்றவர்கள் சொன்னார்கள். "இவ்வளவு அனுபவம் இருந்தும்" என்றார்கள் பார்க்க வந்த சொந்தக்காரர்கள். "யானைக்கும் அடி சறுக்கும்" என்றான் கம்பெனியிலிருந்து வந்த ஒருவன். வெளியே வராந்தாவில் அவனே இன்னொருவனிடம், "வேலையிலயும் இப்படித்தான் பாத்திருப்பானோ?" என்று கேட்டது பல்செட்காரர் காதில் விழுந்தது.

மூன்றாம் மாடிக்கு இனி அவன் எப்படிப் போவான்? அக்கா வீட்டு முன்னறையில் கட்டில் போட்டார்கள். குளியலறைக் கதவை அகலப்படுத்தினார்கள். பல்செட்காரர் அவனைத் தூக்கினார், குளிப்பாட்டினார், இரவில் திருப்பிப் படுக்க வைத்தார். பெற்ற தகப்பன்கூட இப்படிப் பார்க்கமாட்டான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். மனைவி ஒரு நாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என் தம்பிக்கு நீங்க செய்யறதுக்கு நான் எத்தனை ஜென்மம் எடுத்தாலும்..." என்று ஆரம்பித்தாள். அவர் கையை உருவிக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டார். அந்த மாதம் மூன்று பல்செட்டுகள் பொருந்தாமல் திரும்பி வந்தன.

கார் ஷெட்டில் அப்படியே நின்றது. ஆம்புலன்ஸ் போன மறுநாள் அவர் சக்கரத்தை மாட்டித் தரையில் இறக்கியதோடு சரி. யாரும் கதவைத் திறக்கவில்லை.

மைத்துனனிடம் ஒரு மாற்றம் வந்தது. வலியை அவன் சமாளித்துவிட்டான். ஆனால் அடுப்பை அணைத்தாயா என்று அக்காவை மூன்று தடவை கேட்பான். சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு, போட்டேனா என்று மறுபடி தொட்டுப் பார்ப்பான். மாத்திரையை எண்ணி வைத்துவிட்டுத் திரும்ப எண்ணுவான். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். பல்செட்காரர் காப்பி கொண்டுபோய் வைத்தபோது பார்த்தார். வரிசையாகக் கட்டடங்களின் விலாசம்.

"என்ன மாப்ள இது?"

"போன வருஷம் நான் பாத்துக் கையெழுத்துப் போட்ட லிஃப்டுங்க. நாப்பத்தியொண்ணு." அவன் நிமிரவில்லை. "வேற ஆளை விட்டு எல்லாத்தையும் மறுபடி பாக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதப்போறேன். ஒரு ஸ்டாண்டை ஒழுங்கா வெக்கத் தெரியாதவன் கையெழுத்தை நம்பி எத்தனை பேர் ஏறி இறங்கறாங்க, அத்தான்? குழந்தைங்க ஏறும்."

"அப்படி எழுதினா உன் லைசென்ஸ் போயிடும்டா."

"போகட்டும். எனக்கே என் கை மேல நம்பிக்கை இல்ல." பேனாவைக் கீழே வைத்தான். "எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யணும். அந்த வண்டியை இன்னொரு தடவை தூக்கணும். நான் எங்க தப்பு பண்ணேன்னு பாக்கணும். எனக்குத் தெரியாமப் போனா நான் பைத்தியமாயிடுவேன்."

பல்செட்காரர் வேண்டாம் என்றார். மனைவியும் வேண்டாம் என்றாள். அவன் பிடித்த பிடியை விடவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தான்.

மூன்றாம் நாள் காலையில் ஷெட் கதவைத் திறந்தார்கள். அவன் நாற்காலியை வாசலில் நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, தொட்டுப் பார்த்தான்.

"அக்கா, நீ ஸ்டாண்டை எடு. அத்தான், நீங்க ஜாக். அன்னைக்குச் செஞ்ச மாதிரியே செய்யணும். ஒண்ணைக்கூட விடக்கூடாது."

பலகைகளைப் போட்டார்கள். பல்செட்காரர் உள்ளே உட்கார்ந்து காரைக் கிளப்பினார். இத்தனை மாதம் நின்றும் நாலாவது தடவையில் கிளம்பிவிட்டது. சக்கரங்கள் பலகைமேல் ஏறின. இறங்கி வந்து பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார். மைத்துனன் தன் ஊன்றுகோலால் கட்டையைத் தட்டிப் பார்த்தான்.

"இன்னும் ஒட்டி வைங்க. ஆங். இப்ப ஜாக்கை உள்ள விடுங்க. நடு இரும்பு. தொட்டுப் பாத்தீங்களா? தூக்குங்க. மெதுவா."

கார் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. பல்செட்காரரின் நெற்றியிலிருந்து வியர்வை ஜாக்கின் கம்பியில் சொட்டியது. மனைவி முழங்காலிட்டு இடது ஸ்டாண்டை வைத்தாள். பிறகு இந்தப் பக்கம் வந்து, வலது ஸ்டாண்டை வைத்தாள். தம்பி சொன்ன இடத்தில் தடவிப் பார்த்து, இரும்பின் தலை கெட்டியான விளிம்பில் உட்காரும்படி திருப்பி வைத்தாள்.

"இறக்குங்க."

கார் ஸ்டாண்டுகளின் மேல் உட்கார்ந்தது. மைத்துனன் நாற்காலியை உருட்டிக் கிட்டே வந்தான். இரண்டு கையாலும் முன்பக்கத்தைப் பிடித்துத் தள்ளினான். பிறகு தோளைக் கொடுத்து முட்டினான். அவன் நாற்காலிதான் பின்னால் சாய்ந்தது. கார் அசையவில்லை. இன்னொரு தடவை முட்டினான். இன்னொரு தடவை.

"இப்படித்தானே வெச்சேன்" என்றான். மூச்சு வாங்கியது. "ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தானே வெப்பேன். இது எப்படி விழும்? சொல்லுங்க அத்தான், நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க. இது எப்படி விழும்?"

பல்செட்காரர் ஜாக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நீ வெச்சது விழல மாப்ள" என்றார். "நான் எடுத்துட்டேன்."

மனைவி திரும்பிப் பார்த்தாள். மைத்துனனுக்கு முதலில் புரியவில்லை.

"எதை?"

"வலது பக்க ஸ்டாண்டை. நீ போன் பேசப் போனப்ப. பின்னாடி தள்ளி வெக்கலாம்னு எடுத்தேன். அங்க உக்காரல. நீ வந்துட்ட."

"வெறும் ஜாக்லயா நின்னுச்சு?"

"வலது பக்கம் வெறும் ஜாக்."

"நான் பாக்காமயா உள்ள போனேன்? ஒரு வார்த்தை கேக்கலையா?"

"கேட்ட. எல்லாம் அப்படியேதானே இருக்குன்னு கேட்ட."

"நீங்க என்ன சொன்னீங்க?"

பல்செட்காரர் ஜாக் கம்பியை விட்டார்.

"ஆமான்னு சொன்னேன்."

தெருவில் யாரோ ஒரு வண்டியை நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள். மனைவி மெல்ல எழுந்து சுவரில் சாய்ந்து நின்றாள். கையில் ஒட்டியிருந்த துருவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மைத்துனன் அழ ஆரம்பித்தான். ஆஸ்பத்திரியில் காலை எடுத்தபோதுகூட அவன் இப்படி அழவில்லை. உடம்பு குலுங்கக் குலுங்க அழுதான். பல்செட்காரர் எழுந்து ஓரடி வைத்தார்.

"கிட்ட வராதீங்க" என்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நான் கேட்டிருக்கேன் அக்கா. பாத்தியா? நான் கேட்டிருக்கேன்." தனக்குள் பேசுகிற மாதிரி, "கேட்டேன். ஆனா பாக்கல. வெளிய போயிட்டு வந்தா திரும்பவும் பாக்கணும். அது என் தப்பு. அது மட்டும்தான் என் தப்பு" என்றான்.

பிறகு பல்செட்காரரைப் பார்த்தான்.

"ஆறு மாசம். என்னைக் குளிப்பாட்டினீங்களே, அப்பல்லாம் இது உங்க மனசுல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நான் அந்த லிஸ்டை எழுதினப்ப?"

"அப்பவும்."

அவன் நாற்காலியின் பிரேக்கை எடுத்தான். தொட்டுப் பார்க்கவில்லை. "அக்கா, என்னை உள்ள கொண்டுபோ" என்றான்.

மனைவி அவனைத் தள்ளிக்கொண்டு போனாள். காரை இறக்க யாரும் வரவில்லை. பல்செட்காரர் தனியாகவே இறக்கினார். ஜாக்கைக் கொடுத்துச் சற்றுத் தூக்கி, ஸ்டாண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அடியில் ஒன்றும் இல்லை என்று குனிந்து பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்.

மறுநாள் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். நடந்ததை நடந்தபடி, யார் எதை எடுத்தது, யார் என்ன கேட்டது, யார் என்ன சொன்னது என்று ஒன்றையும் பூசி மெழுகாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மைத்துனன் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு இடத்தைச் சுட்டிக்காட்டினான். 'அவசரத்தில்' என்று இருந்தது. "அவசரம் ஒண்ணும் இல்ல. அதை அடிங்க" என்றான். அடித்தார். அவன் தன் பட்டியலையும் கூடவே வைத்து அனுப்பினான். நாற்பத்தியொரு லிஃப்டுகளையும் வேறு ஆட்கள் பார்த்தார்கள். ஒன்றிலும் குறை இல்லை.

அந்த மாதக் கடைசியில் அவன் முன்னறையைக் காலி செய்தான். கம்பெனிக்குப் பக்கத்திலேயே தரைத்தளத்தில் ஒரு வீடு கிடைத்தது. கம்பெனியில் போன் மேசையில் வேலை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிட்டால் ஆள் போய்ச் சேரும்வரை பதறாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும். அவன் குரலுக்கு அது பொருந்திவிட்டது என்று மனைவி சொன்னாள்.

அவள் கணவரை விட்டுப் போகவில்லை. ஆனால் ஷெட்டில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கார் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போன அன்று மட்டும், சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, "அன்னைக்கு ஆம்புலன்ஸ்காரங்ககிட்ட ஸ்டாண்ட் வழுக்கிடுச்சுன்னு நான் சொன்னேனே, அப்ப நீங்க என் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தீங்க" என்றாள். "சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தம்பி வீட்டுக்குப் போவாள். பல்செட்காரர் துணைக்கு வந்து தெருமுனையில் நிற்பார். அவர் வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வரச் சொல்லவும் இல்லை. எதிரே ஒரு செருப்புக் கடை வாசலில் நிழல் இருந்தது. அங்கே ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் நிற்பார்.

ஒரு நாள் மைத்துனன், தன்கூட வேலை செய்கிற ஒருவனோடு நாற்காலியை உருட்டிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தான். ஒதுங்க இடமில்லை. பல்செட்காரர் சுவரோடு ஒட்டி நின்றார். தங்களைப் பார்த்து ஒருவர் அப்படி நிற்பதைக் கவனித்த அந்த நண்பன், "யாரு, தெரிஞ்சவங்களா?" என்று கேட்டான்.

மைத்துனன் நாற்காலியை நிறுத்தவில்லை.

"எங்க அக்கா வீட்டுக்காரர்" என்றான்.

நண்பன் திரும்பி மரியாதையாக ஒரு வணக்கம் வைத்தான். பல்செட்காரர் பதிலுக்குக் கையைத் தூக்குவதற்குள் அவர்கள் தாண்டிப் போயிருந்தார்கள்.